கேட்கச் சிரமப்படும் மாணவர்களுக்கு

திரையில் ‘வேறு தண்டம் இல்லை’ என்று எழுத்து வந்ததும் ஏழாம் வகுப்பு முழுவதும் சிரித்தது.

அறிவியல் ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னது ‘வேர், தண்டு, இலை’. செடியின் மூன்று பாகங்கள். இருபத்து நான்கு வருடமாக அதே வரிசையில்தான் சொல்லி வருகிறார். அதைக் கேட்டு ஒருவரும் சிரித்ததில்லை.

மேசைமேல் இருந்த மைக்கைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, "தண்டு உணவைக் கடத்தும்" என்றார்.

‘தண்டம் உணவை கடத்தும்’ என்றது திரை.

மறுபடியும் சிரிப்பு. கடைசி பெஞ்சில் இருந்த நெட்டையர்கள் இருவரும், அந்தத் தண்டம் நீதான் என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, வழக்கம்போல அவர் முகத்துக்கே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு மனசு சங்கடப்பட்டது. யாருக்காக இந்தத் திரை வந்ததோ, அந்தப் பிள்ளையே முகம் திருப்பிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே.

அவளை எல்லோரும் குருவி என்று கூப்பிடுவார்கள். ஆள் சின்னது, கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இரண்டு காதுக்கும் கருவி உண்டு. ஆனால் வகுப்பில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தால் அந்தக் கருவிக்குள் இரைச்சல்தான் கேட்கிறது என்று கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் போட்டுவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஆசிரியர் தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டார். கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதை விட்டார். மீசையைக் கத்தரித்துக்கொண்டார். அவள் பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செதுக்கி நிறுத்தினார். பாதியாவது போய்ச் சேரட்டும் என்பது அவர் எண்ணம். அப்படியும் அறிவியலில் அவள்தான் முதல் மதிப்பெண் வாங்கினாள். அது அவளுடைய உழைப்பு என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். வகுப்பில் மற்ற பிள்ளைகளுடைய நல்ல மனசும் ஒரு காரணம் என்பார். இடைவேளை மணி அடித்தால் போதும், பத்துப் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடும். விட்டுப்போன பாடத்தை அவளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளா என்று பார்க்கிறபோதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. காத்து சார். காற்றைப் பற்றிய பாடத்தை அவர் நடத்துகிற அழகில் பிள்ளைகள் சொக்கிப்போய் வைத்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தத் திரைக் கருவி இரண்டு நாளுக்கு முன்புதான் வந்தது. ஒரு திரை, ஒரு சின்னக் கணினி, ஒரு மைக். பேசுவதைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும். வகுப்பு முடிந்ததும் அதைச் சேமித்து அச்சடித்தும் கொடுக்கலாம். பெட்டிமேல் ‘கேட்கச் சிரமப்படும் மாணவர்களுக்கு’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"கல்வி அலுவலகத்துலேருந்து உங்க வகுப்புக்குன்னு வந்திருக்கு" என்றார் தலைமையாசிரியை. "ஒரு மாசம் நடத்திப் பாருங்க. மாசக் கடைசியில அலுவலர் நேர்ல வருவாங்க. பிரயோஜனமா இருந்தா இங்கயே இருக்கும். இல்லேன்னா அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்."

"போக விடமாட்டேன் மேடம்" என்றார் அவர்.

"என்ன சொன்னீங்க?"

"விடமாட்டேன்னு சொன்னேன்."

"சரி, லீவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை நடந்தார். அவருக்கு ஆயிரம் வேலை.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "அந்தக் குருவிப் பொண்ணுக்காக ஒரு மிஷின் வந்திருக்கு. நாம பேசறதை எழுதிக் காட்டும்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பூட்டிட்டேங்க."

"அதில்ல. மிஷின். எழுதிக் காட்டும்."

"அதையும் பூட்டிட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்தே மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது அவருடைய கணிப்பு. சொன்னால் மனசு நோகும் என்று இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. காது கேட்காதவர்கள்மேல் அவருக்கு இயல்பாகவே ஒரு பரிவு உண்டு.

தண்டச் சம்பவத்துக்கு மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. அவர் இலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரை அதைப் பற்றிக் கவலைப்படாமல், ‘இலையின் மேற்புறத்தில் பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு’ என்று எழுதியது. பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவின் குரலுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

அதற்கும் மறுநாள் தெருவில் பழைய சாமான் வாங்குகிற வண்டி ஒலிபெருக்கியோடு போனது. ‘தாவரங்கள் மண்ணிலிருந்து பழைய இரும்பு பழைய பேப்பர்’ என்று ஓடியது.

வாரக் கடைசியில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார். ‘இலையின் மேற்புறத்தில் என்ன உள்ளது?’ என்ற கேள்விக்குப் பதினான்கு பேர் 136 என்று எழுதியிருந்தார்கள். ‘தாவரங்கள் மண்ணிலிருந்து எவற்றை எடுத்துக்கொள்கின்றன?’ என்றதற்குப் பெரும்பாலோர் பழைய இரும்பு என்று எழுதியிருந்தார்கள். இரும்பு சரிதான் என்பதால் அரை மதிப்பெண் போட்டார். பழசு என்பதற்கு எவ்வளவு குறைப்பது என்று தெரியவில்லை.

குருவி மட்டும் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாள். பாவம், வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து உருப்போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

கருவியைப் பொருத்திவிட்டுப் போன மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்தார்.

"நான் பேசறதை விட்டுட்டு ஊரு பேசறதை எல்லாம் எழுதுதுப்பா."

"சார், லைன் கட்டாகுது. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

மூன்றாவது தடவை சொன்ன பிறகு மெக்கானிக்குக்குப் புரிந்தது. "எங்க சத்தம் அதிகமா இருக்கோ அதைத்தான் சார் அது எடுத்துக்கும். வெளிச்சத்தத்தைக் குறைச்சுப் பாருங்க."

திங்கட்கிழமை ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். கதவைச் சாத்தினார். மின்விசிறியையும் நிறுத்தினார். கால் மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒன்பது பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் அறிவியல் நோட்டை விசிறியாக்கிக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் மட்டும் சுவர் வழியாகத் தொடர்ந்து பெருக்கிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவரிடம் போய் நின்றார். "டீச்சர், கொஞ்சம் மெதுவாப் பேச முடியுமா? எல்லாம் அந்தப் பொண்ணுக்காகத்தான்."

"எந்த ஜன்னல் சார்?"

"ஜன்னல் இல்ல. பொண்ணு. குருவி." விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கணக்கு டீச்சருக்கும் காது கொஞ்சம் அப்படித்தான்.

கணக்கு டீச்சர் தங்கமான மனுஷி. மறுநாள் முழுக்கக் கிசுகிசுத்தே பாடம் நடத்தினார். தங்கள் டீச்சருக்குத் தொண்டை போய்விட்டது என்று அவருடைய பிள்ளைகள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். பெஞ்சு நகர்ந்தது, டப்பா உருண்டது, யாரோ பாட்டுப் பாடினார்கள். ஏழாம் வகுப்புத் திரையில் ஒளிச்சேர்க்கைக்கு நடுவில் ‘என் ரப்பரை குடுடா’ என்பது பதினொரு தடவை வந்தது.

"போதும் டீச்சர். நீங்க பழையபடியே பேசுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் நேரிலேயே வந்து, மைக் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கவேண்டும் என்கிற அளவைக் கடைசிவரை ஏற்றிவைத்துவிட்டுப் போனார். "இனிமே எறும்பு நடந்தாலும் எழுதும் சார்."

எறும்பு நடந்ததோ என்னவோ, அன்று பிற்பகல் அவர் பச்சையம் என்று ஆரம்பித்ததும் திரை சுறுசுறுப்பானது.

‘மணி என்னடா’

‘இன்னும் இருபது நிமிஷம்’

‘செத்தோம்’

‘சார் சட்டை பட்டனை மாத்தி போட்டிருக்காரு பாரு’

அவர் குனிந்து பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார். சரிசெய்துகொண்டார்.

‘அய்யோ பாத்துட்டாரு’

‘யாரு சொன்னது’

‘நான் இல்ல’

‘இதுவும் வருதுடா வாயை மூடு’

அதன் பிறகு வகுப்பில் ஒருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. பேனா கீழே விழுந்தால் அப்படியே விட்டுவிட்டார்கள். தும்மல் வந்தவன் கையைத் தூக்கி அனுமதி கேட்டு வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தான். இவ்வளவு அமைதியான வகுப்பை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் பயந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. குருவியைச் சுற்றி உட்காருகிற கூட்டம்கூட இப்போது வகுப்பை விட்டு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டது.

மூன்றாவது தடவை வந்தபோது மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக்கை எடுத்து அவருடைய காலரில் செருகினார். "இது உங்க வாயை மட்டும்தான் சார் கேக்கும். கம்பி கிடையாது. எங்க வேணாலும் நடந்துக்கிட்டே பேசலாம்."

மைக் காலரில் ஏறிய நாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது.

அவர் சொன்னது சொன்னபடி திரையில் ஓடியது. இலைத்துளை இலைத்துளையாகவே வந்தது. தண்டு தண்டாகவே நின்றது. ஆனால் அவரை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. பாடத்துக்கு நடுவில் வழக்கமாகச் சொல்கிற ஒரு வரியை அன்றும் சொன்னார். "நமக்குப் பசிச்சா அம்மாகிட்ட போய் நிப்போம். இலைக்குப் பசிச்சா வெயில்ல போய் நிக்கும்."

வகுப்பே சிரித்தது.

அவர் சட்டென்று தன் பொத்தானைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. திரையைப் பார்த்தார். அதிலும் தவறில்லை. அப்படியென்றால் பிள்ளைகள் சிரித்தது அவர் சொன்னதற்குத்தான்.

இருபத்து நான்கு வருடமாக அவர் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு வருடமாகக் குருவி மட்டும் சிரிப்பாள். ஏதோ மரியாதைக்காக, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்திருந்தார். மற்றபடி இன்றைய பிள்ளைகளுக்கு நகைச்சுவை உணர்வு குறைந்துவிட்டது என்றுதான் அவர் முடிவுகட்டியிருந்தார்.

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "செடி தன் சமையலைத் தானே பண்ணிக்குது, பிராணவாயுவும் தருது. நான் சமைச்சா எங்க வீட்டுல புகை மட்டும்தான் வரும்" என்றார். கடைசி பெஞ்சு நெட்டையர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அந்த வாரம் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று நடந்தது. மெதுவாக எழுதுகிறவள் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் மூன்றாவது வரிக்குப் போகும்போது அவள் முதல் வரியில் இருப்பாள். அச்சடித்த பாடத்தை அவளிடம் கொடுத்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தாள். நெட்டையர்களில் மூத்தவன் இரண்டு வருடத்தில் முதல்முறையாக எழுந்து நின்று, "சார், ராத்திரியில வெயிலே இல்லையே, அப்ப செடி என்ன சார் சாப்பிடும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒருவரும் தூங்கவில்லை.

குருவிக்காக வந்த கருவியில் ஊரே பிழைக்கிறதே என்று அவருக்குப் பூரிப்பு. குருவியும் இப்போதெல்லாம் இடைவேளையில் தனியாக ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் பாடம் சொல்லித்தரவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது என்று மகிழ்ந்தார்.

மைக்கை அவர் காலையில் செருகினால் மாலையில்தான் எடுப்பார். அங்கேதான் சிக்கல் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஆசிரியர் அறைக்குப் போனார். அங்கே கணக்கு டீச்சர் மட்டும் இருந்தார்.

"டீச்சர், ஒரு பின் இருக்கா? பேன்ட் பின்னால கிழிஞ்சுபோச்சு."

"என்ன சார்?"

"பின். பேன்ட் கிழிஞ்சுபோச்சு. காலையில பிரார்த்தனைக் கூட்டத்துல உக்காந்து எழுந்திரிச்சப்ப கிழிஞ்சுது. எல்லாம் நம்ம தலைமையாசிரியையாலதான். அவங்க பேச ஆரம்பிச்சா என் கைக்கடிகாரமே தூங்கிடுது."

கணக்கு டீச்சர் அன்பாகச் சிரித்து, ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முதுகைச் சுவரில் ஒட்டியபடி நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து வகுப்புக்குத் திரும்பினார்.

முதல் பெஞ்சிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. அதில் ஒரு பின் இருந்தது.

"இது எதுக்கும்மா?" என்றார் அவர்.

குருவி திரையைக் காட்டினாள். ஆசிரியர் அறையில் அவர் பேசியது ஒரு சொல் விடாமல் நின்றது. கடைசி வரியில் கைக்கடிகாரம் தூங்கிக்கொண்டிருந்தது. அவருடைய நாற்காலியில், வகுப்பு தனியாக இருக்கிறதே என்று பார்த்துக்கொள்ள வந்த தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சார்" என்று எழுந்துகொண்டார் தலைமையாசிரியை. "உங்களால ரொம்ப நேரம் நிக்க முடியாதுல்ல."

அன்றே உத்தரவு வந்தது. மைக் இனிமேல் தலைமையாசிரியையிடம் இருக்கும். வகுப்பு ஆரம்பிக்கும்போது அவரே கொண்டுவந்து தருவார். முடிந்ததும் வாங்கிக்கொள்வார். கோபத்தில் போட்ட உத்தரவுதான். ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. அடுத்த பிரார்த்தனைக் கூட்டத்தில் நான்கே நிமிடம்தான் பேசினார்.

மாதக் கடைசியில் அலுவலர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத அம்மையார். கையில் தடித்த கோப்பு. தலைமையாசிரியை காலையிலிருந்தே பதற்றமாக இருந்தார். மைக்கை எங்கேயாவது வைத்து மறந்துவிடப்போகிறோம் என்று பத்திரமாகத் தன் கழுத்தோரமே செருகிக்கொண்டார். அலுவலருக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். இத்தனைக்கும் நடுவில், பத்திரமாகச் செருகியதையே மறந்துவிட்டார். அறிவியல் ஆசிரியரும் இருந்த படபடப்பில் காலரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அலுவலரும் தலைமையாசிரியையும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குருவியின் பக்கம் முகம் வைத்து, மகரந்தச் சேர்க்கையை ஆரம்பித்தார். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக அவர் நடத்தியதில்லை. பூவின் நிறத்தைச் சொன்னார், தேனைச் சொன்னார், வண்டின் காலில் ஒட்டுகிற பொடியைச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் திரையில் இப்படி ஓடிக்கொண்டிருந்தது:

‘ஆமா மேடம் ஆரம்பிச்சுட்டார்’

‘கட்டடத்துக்கு வெள்ளை அடிச்சு மூணு வருஷம் ஆச்சு மேடம்’

‘முன்னாடி இருக்கற ரெண்டு நெட்டை பசங்ககிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க’

நெட்டையர்கள் இருவரும் திரும்பி, தங்களுக்கு நேர் பின்னால் இருந்த தலைமையாசிரியையை வருத்தத்தோடு பார்த்தார்கள்.

"வண்டு தேன் குடிக்க வந்த விருந்தாளி. ஆனா அதுகிட்டயே தபால் கொடுத்தனுப்பிடுது பூ. அவ்வளவு விவரம்" என்றார் ஆசிரியர். குருவி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அலுவலர் இருக்கிற பயம் என்று நினைத்துக்கொண்டார். அரை நிமிடம் கழித்து, ‘மாடிப் படிக்கட்டுல போன வாரம் நானே வழுக்கி விழுந்தேன் மேடம்’ என்று திரையில் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்குத் தாமதமாகப் புரிந்திருக்கிறது என்று அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

பாடம் முடிந்தது. அலுவலர் எழுந்து முன்னால் வந்தார். அவர் திரையை ஒரு பார்வை பார்த்ததையும், உதட்டைக் கடித்துக்கொண்டதையும் ஆசிரியர் கவனிக்கவில்லை.

"நான் சில கேள்வி கேக்கறேன்" என்றார் அலுவலர். நடு வரிசையில் ஒரு பையனைக் காட்டினார். "பூவுக்கு எதுக்கு நிறம்?"

பையன் எழுந்தான். யோசித்தான். "வெள்ளை அடிச்சு மூணு வருஷம் ஆச்சு மேடம்" என்றான்.

ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாக எழுதுகிற பெண்ணைப் பார்த்து, "வண்டு பூவுக்கு என்னம்மா உதவி செய்யுது?" என்று கேட்டார் அலுவலர்.

"படிக்கட்டுல..." என்று ஆரம்பித்துவிட்டு அவள் அழுகிற மாதிரி நின்றாள்.

குருவி கையைத் தூக்கினாள். நிறம் எதற்கு என்று சொன்னாள். தேன் எதற்கு என்று சொன்னாள். வண்டின் காலில் ஒட்டிய பொடி அடுத்த பூவுக்கு எப்படிப் போகிறது என்று சொன்னாள். கடைசியில் அந்தத் தபால் விஷயத்தையும் சொன்னாள். அலுவலரே சிரித்துவிட்டார்.

அப்போதுதான் ஆசிரியர் திரும்பித் திரையைப் பார்த்தார். தலைமையாசிரியையும் பார்த்தார். பார்த்ததும் தலைமையாசிரியையின் கை தானாகக் கழுத்தோரம் போனது. ‘அய்யய்யோ’ என்று திரையில் ஒரு வரி கூடியது.

"பரவாயில்ல" என்றார் அலுவலர். "ஒரு விதத்துல நல்லதாப்போச்சு. பாடத்துல ஒரு வார்த்தைகூடத் திரையில வரல. ஆனா காது கேக்காத பொண்ணு ஒரு கேள்வி விடாம பதில் சொல்லுது. அப்ப இவளுக்கு இந்தக் கருவி தேவையில்லைன்னுதானே அர்த்தம்? அடுத்த பள்ளிக்கூடத்துல மூணு பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க" என்றார் ஆசிரியர். அலுவலர் காதைப் பக்கத்தில் கொண்டுவரவேண்டியிருந்தது. தலைமையாசிரியை ஓடிவந்து மைக்கைக் கழற்றி அவருடைய காலரில் தானே செருகினார்.

இப்போது அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும்படி திரையில் ஓடியது. ‘அந்த பிள்ளை பாதியை உதட்டை பார்த்து பாதியை ஊகிச்சு படிக்குது மேடம். ரெண்டு வருஷமா பார்க்கிறேன். எவ்வளவு கஷ்டப்படுதுன்னு எனக்குத்தான் தெரியும். இந்த ஒரு வாரமாத்தான் நிம்மதியா ஊஞ்சல் ஆடுது. எடுத்துட்டு போயிடாதீங்க.’

அலுவலர் திரையில் அதைப் படித்து முடித்துவிட்டு, கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கோடு போட்ட நோட்டுத் தாள். "இந்தக் கருவி வேணும்னு ரொம்ப அழகா எழுதின மனு. இதைப் படிச்சுட்டுத்தான் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கீழே பேர் இல்ல. ஏழாம் வகுப்புன்னு மட்டும் இருக்கு. இவளோட அப்பா எழுதினதா?"

"அவர்தான் எழுதியிருப்பார்" என்றார் ஆசிரியர். குருவியின் பக்கம் திரும்பி, எப்போதும் போல ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்திக் கேட்டார். "நீயே சொல்லும்மா. பயப்படாத. உனக்கு இது வேணும்தானே?"

குருவி எழுந்து நின்றாள். பின்னால் திரும்பி வகுப்பை ஒரு தடவை பார்த்தாள். கடைசி பெஞ்சில் நெட்டையர்கள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மனு நான் எழுதினது சார்" என்றாள் குருவி. "ஆனா எனக்காக இல்ல. நீங்க பேசறது எனக்கு எப்பவுமே நல்லாப் புரியுது. பாவம், மத்த முப்பத்தேழு பேருக்குத்தான் ஒரு வார்த்தைகூடக் கேக்கறதில்ல."